மூலை மேசை வாங்கிய மதிப்பெண்

வகுப்பறைக்குள் அந்த இயந்திரம் உருண்டு வந்த நாளில் பிள்ளைகள் அதற்குக் கைதட்டவில்லை, பெயர் வைத்தார்கள். இடுப்பளவு உயரம், ஓசையில்லாத சக்கரம், நெற்றியில் இரண்டு விளக்கு, கேட்காமலே அறிவுரை வழங்கும் வாய். "அப்பா அளவுக்கு உயரமில்ல. ஆனா அப்பா மாதிரியே பேசுது. அப்படின்னா இது சித்தப்பா" என்று ஒருத்தி எழுந்து தீர்ப்புச் சொன்னாள். எதற்கெடுத்தாலும் எழுந்து வாதாடுவதால் வக்கீல் என்று பட்டம் பெற்றிருந்த பெண் அவள். தீர்ப்பு அப்போதே நிறைவேறியது. தலைமையாசிரியர் வரைக்கும் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் அது சித்தப்பா ஆகிவிட்டது.

சித்தப்பாவுக்குக் கண் கிடையாது, காது உண்டு. ஒவ்வொரு மேசையின் வலது ஓரத்திலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் அதைச் சிலேட்டு என்றார்கள். சிலேட்டில் கேள்வி தோன்றும். விரலால் விடை எழுதினால் கம்பியில்லாமலே சித்தப்பாவைச் சென்றடையும். வாயால் பேசினாலும் சென்றடையும்; யார் குரல் என்று மட்டும் அதற்குத் தெரியாது. யாருக்கு எளிய கேள்வி, யாருக்குக் கடிய கேள்வி, யாரைத் தட்டிக்கொடுப்பது, யாரை முடுக்குவது என்பதையெல்லாம் வந்து சேரும் விடைகளைக் கொண்டு சித்தப்பாவே முடிவு செய்யும்.

அந்த வகுப்பின் கணக்கு டீச்சர் இதை எதிர்க்கவில்லை. எதிர்ப்பார் என்று ஆசிரியர் அறையில் பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள். கேட்பவர் மூன்று பேராக இருந்தாலும் முந்நூறு பேருக்குப் பேசுவது போலப் பேசுகிறவர் அவர். "இயந்திரம் வரட்டும். அடுப்படிக்கு வந்தபோது வரவேற்றவர்கள் அறிவுக்கு வரும்போது ஏன் அஞ்ச வேண்டும்?" என்று கேட்டார். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்.

முதல் நிபந்தனை, பிள்ளைகளின் பெயரை இயந்திரத்துக்குச் சொல்லக்கூடாது. பெயரைக் கேட்டால் வீட்டைக் கேட்டதாகும்; வீட்டைக் கேட்டால் தொழிலைக் கேட்டதாகும்; தொழிலைக் கேட்ட காது அதன்பிறகு விடையைக் கேட்காது. ஆகவே எண் போதும். இரண்டாவது, அவர் வகுப்பில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. வாரத்தின் முதல் நாள் ஒவ்வொரு வரிசையும் ஒரு வரிசை பின்னால் நகரும். கடைசி வரிசை முதல் வரிசைக்கு வரும்; வரிசைக்குள்ளும் ஒவ்வொருவரும் ஓரிடம் தள்ளி உட்காருவார்கள். முன்வரிசை சிலருக்குச் சொத்தாகிவிட்டால் பின்வரிசை மற்றவர்களுக்குத் தண்டனையாகிவிடும் என்று ஆசிரியர் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசி அவர் வென்றெடுத்த வழக்கம் அது.

இரண்டு நிபந்தனைகளையும் தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டார். கம்பெனியிலிருந்து வந்த இளைஞன் மேசை மேசையாக எண் ஒட்டினான். அன்றைக்கு எந்த எண்ணில் எந்தப் பிள்ளை என்பதை எழுதி அலுவலக அறையில் கொடுத்துவிட்டுப் போனான். பிள்ளைகள் நகர்வார்களா என்று அவன் கேட்கவில்லை. அவன் பார்த்த பள்ளிகளில் யாரும் நகர்ந்ததில்லை. நகர்வார்கள் என்று டீச்சரும் சொல்லவில்லை. அவருக்கு அது மூச்சு விடுவதைப் போன்றது. மூச்சு விடுகிறேன் என்று யாராவது அறிவிப்பார்களா?

இப்படித்தான் அந்தத் தவறு விதைக்கப்பட்டது. எண் என்றால் பிள்ளை என்று சித்தப்பா நினைத்தது. எண் என்றால் மேசை என்று பிள்ளைகள் நினைத்தார்கள். பேருந்து இருக்கையில் எண் எழுதியிருந்தால் அது பயணியின் எண்ணா, இருக்கையின் எண்ணா?

வகுப்பின் பின்மூலையில், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு மேசை இருந்தது. எண் இருபத்தேழு. அறையிலிருந்த ஒரே நல்ல மின்விசிறியின் காற்று அங்கே விழும். டீச்சரின் பார்வை அங்கே விழாது. அந்த மேசைக்குப் போன பிள்ளை யாராக இருந்தாலும் அந்த வாரம் படிப்பு படுத்துவிடும். அரட்டை, படம் கிறுக்குதல், அரைத்தூக்கம். மாறாக, முன்வரிசை நடுவில் இருந்த நான்காம் எண் மேசை டீச்சரின் மூக்குக்கு நேர் கீழே இருந்தது. அங்கே உட்கார்ந்தவர் கணக்குப் போட்டே தீரவேண்டும். பிள்ளைகள் நான்காம் மேசைக்குச் சூளை என்றும், மூலை மேசைக்கு மாமியார் இல்லாத வீடு என்றும் பெயரிட்டிருந்தார்கள்.

"டேய், இந்த வாரம் நான்தான் இருபத்தேழு. யாரும் எழுப்பாதீங்க" என்பான் ஒருவன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகரும்போதே.

"கவலைப்படாத. சித்தப்பா தாலாட்டுப் பாடுவாரு" என்பாள் வக்கீல்.

பொய்யில்லை. சித்தப்பா அந்த மேசையோடு பேசும்போது குரலே மாறும். "இருபத்தேழாம் எண்ணே, அவசரம் வேண்டாம். மெதுவாக யோசியுங்கள். பாதியும் பாதியும் சேர்ந்தால் எவ்வளவு?" அதே நேரத்தில் முன்வரிசைச் சிலேட்டில் பக்கம் முழுக்க நீளும் சமன்பாடு மின்னிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற கேள்வியை இயந்திரம் தருகிறது என்று டீச்சர் நம்பினார். முன்மேசைகளில் குனிந்து பிள்ளைகளின் தவறுகளைத் திருத்திக்கொண்டிருந்தவருக்கு, இயந்திரத்தின் தவறு தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

பருவ முடிவில் பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். அடுத்த ஆண்டு யார் மேற்கணிதப் பிரிவு, யார் பொதுப்பிரிவு, யார் அடிப்படைப் பிரிவு என்பதைச் சித்தப்பா எண்ணாகச் சொல்லும். தலைமையாசிரியர் அலுவலகத் தாளைப் பார்த்துப் பெயராகச் சொல்வார். அடிப்படைப் பிரிவுக்குப் போகிறவர்கள் பிற்பாடு அறிவியல் எடுக்க முடியாது. அந்தக் கதவை ஒருமுறை சாத்தினால் சாத்தியதுதான்.

"நான்காம் எண். மேற்கணிதப் பிரிவு. வாழ்த்துகள்" என்றது சித்தப்பா.

தலைமையாசிரியர் வாசித்த பெயரைக் கேட்டுக் கூடமே திரும்பியது. வகுப்பில் தூங்குமூஞ்சி என்று எல்லோராலும் அன்போடு அழைக்கப்படுகிறவன் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்தவன் விலாவில் இடித்தான்.

"டேய், உன்னத்தான்டா கூப்பிடுறாங்க."

"எதுக்கு? நான் ஒண்ணும் பண்ணலியே!"

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த அறிவிப்பு வந்தது. "இருபத்தேழாம் எண். அடிப்படைப் பிரிவு. மனம் தளர வேண்டாம்." தலைமையாசிரியர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு வக்கீலின் பெயரைச் சொன்னார். இதையும் வேடிக்கை என்று எண்ணிப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

வக்கீலின் அப்பா கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவர். ஊருக்கு நடுவே எழும்பிக்கொண்டிருந்த மேம்பாலத்துக்கு அவர்தான் கலவை கொண்டுபோனார். அந்தப் பாலம் எதனால் விழாமல் நிற்கிறது என்று ஒருநாள் கேட்டாளாம். "அதுக்குக் கணக்குப் போடுற ஆளுங்க தனியா இருக்காங்கம்மா" என்றாராம் அப்பா. "அப்ப அடுத்த பாலத்துக்கு நீ கலவை கொண்டு வா, கணக்கு நான் போடுறேன்" என்று அவள் ஒப்பந்தம் பேசிவிட்டாள். டீச்சருக்கு இது தெரியும். அவளே வகுப்பில் ஒன்றுக்கு நான்கு முறை சொல்லியிருந்தாள்.

கூடம் கலைந்ததும் ஆசிரியர் அறை வாசலில் அவள் நின்றாள்.

"டீச்சர், மேல்முறையீடு."

"உள்ள வா. அழுதியா?"

"இல்ல. அப்புறமா அழுதுக்கறேன். இருபத்தேழு நான் இல்ல டீச்சர்."

"உன் பேருக்கு நேரே அதான் இருக்கு."

"சித்தப்பா வந்த அன்னிக்கு நான் மூலையில இருந்தேன். ஒரே ஒரு வாரம். அதுக்கப்புறம் எத்தன பேரு அங்க உட்கார்ந்தாங்க! அது மூலையோட மார்க்கு. அத ஏன் என் தலையில கட்டுறீங்க? தூங்குமூஞ்சி மட்டும் என்ன, சூளையில முதல் வாரம் உட்கார்ந்தான், அவ்வளவுதான். அந்த மார்க்குல நான் அங்க போட்ட கணக்கும் இருக்கு. நான் சமைச்சத அவன் சாப்பிட்டுட்டான், பாத்திரம் கழுவறது நானா?"

டீச்சர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இது உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"மூலைக்குப் போனா சித்தப்பா கொஞ்சுவாரு, சூளைக்கு வந்தா வறுப்பாருன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"ஏன்டி ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லல?"

"நகரச் சொன்னது நீங்க. சித்தப்பா வரட்டும்னு சொன்னதும் நீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்."

அன்று மாலை, பள்ளி காலியானதும், டீச்சர் தனியாக வகுப்பறைக்குப் போனார். சித்தப்பாவை விழிக்கச் செய்தார். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே உடம்பைக் குறுக்கிக்கொண்டு மூலை மேசையில் உட்கார்ந்தார்.

"வணக்கம், இருபத்தேழாம் எண்ணே. இன்று சோர்வாக இருக்கிறீர்களா?" என்றது சித்தப்பா, நோயாளியிடம் பேசும் குரலில்.

"இல்ல. கஷ்டமான கணக்கா ஒண்ணு கொடு."

"ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அடியிலிருந்து தொடங்குவோமே." சிலேட்டில் ஒற்றை இலக்கக் கூட்டல் ஒன்று தோன்றியது. அவர் போட்டார். அடுத்தது. அதையும் போட்டார். அடுத்து அவரே ஒரு சமன்பாட்டை எழுதி, அதற்குத் தீர்வும் எழுதி அனுப்பினார். சித்தப்பாவின் நெற்றி விளக்கு சற்று நேரம் துடித்தது.

"விடை சரி. யாரிடமாவது உதவி பெற்றீர்களா?"

டீச்சரின் காது மடல் சூடேறியது. எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவரிடம், எண்களோடு வாழ்ந்து நரைத்தவரிடம், ஒரு மூலையில் உட்கார்ந்த குற்றத்துக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. எழுந்தார். விறுவிறுவென்று நடந்து முன்வரிசையின் நான்காம் மேசைக்குப் போனார். சிலேட்டில் தோன்றிய சமன்பாட்டுக்கு, மனமறிந்து, தப்பான விடை எழுதினார்.

"கை தவறியிருக்கும், நான்காம் எண்ணே. உங்களுக்குத் தெரிந்ததுதான். மீண்டும் ஒருமுறை பாருங்கள்."

"சித்தப்பா, நான் யாரு?"

"நீங்கள் நான்காம் எண்."

"இவ்வளவு நேரம் மூலையில உன்கூட பேசினது?"

"அது இருபத்தேழாம் எண். அவரிடம் பொறுமை காட்ட வேண்டும்."

டீச்சர் சித்தப்பாவைத் தூங்கச் செய்தார். அவர் எதிர்பார்த்த பகைவன் அங்கே இல்லை. இயந்திரத்துக்கு வஞ்சகம் இல்லை. அது பிள்ளைகளை அளக்க வந்து அறையை அளந்துவிட்டுப் போயிருந்தது. உட்கார்ந்த இடத்தைப் பார்த்து மூளையை எடைபோடும் கொடுமையை ஒழிக்கத்தான் அவர் பிள்ளைகளை நகர்த்தினார், பெயரை மறைத்தார். நகர்த்தியதும் நல்லது, மறைத்ததும் நல்லது. இரண்டும் கைகோத்துக்கொண்டு அவர் ஒழிக்க நினைத்ததையே உள்ளே கூட்டிவந்துவிட்டன.

மறுநாள் தலைமையாசிரியர் அறையில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். தலைமையாசிரியர் கெட்டவரல்லர், வழக்குகளை விரும்பாதவர். தேநீரை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு யோசனையும் உங்க குழந்தைங்கதான் டீச்சர். ரெண்டும் சேர்ந்து ஓடி மூணாவது குழந்தைய மிதிச்சிடுச்சு."

"மிதிச்சத மறுக்கல சார். தூக்கி விடணும். மறுபடியும் எல்லாரையும் சோதிக்கணும்."

"சோதிக்கலாம். கல்வி அலுவலகத்துல முடிவ நிறுத்தி வெக்கச் சொல்லிக் கேக்கறேன். ஆனா இனிமே இப்படி நடக்காதுன்னு நான் உறுதி கொடுக்கணுமே? எல்லாப் பள்ளியும் செய்யறத நாமும் செஞ்சிடுவோம். பேரப் போட்டுடுங்க. இடத்த நிலையா வெச்சுடுங்க. அந்தப் பொண்ணுக்கு நியாயம் கிடைச்சிடும்."

இதுதான் விலை என்று டீச்சருக்குப் புரிந்தது. வாய்மூடிக்கொண்டால் ஒருத்திக்குக் கதவு சாத்தப்படும். தலையாட்டினால் அவளுக்குக் கதவு திறக்கும். அவளுக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மூலையில் முளைத்து மூலையிலேயே முதிர்வார்கள். மேடையென்றால் இந்த இடத்தில் குரலை உயர்த்தியிருப்பார். அன்று அவர் குரல் உயரவில்லை.

"இயந்திரத்துக்கு என்ன வேணும் சார்? ஒரு பிள்ளைக்கு எப்பவும் ஒரே சிலேட்டு. அவ்வளவுதானே?"

"சிலேட்டக் கழட்டக் கூடாது. கழட்டினா கம்பெனிக்காரன் பொறுப்பில்லன்னுடுவான். மேசையோட சேர்த்துத் திருகிட்டுப் போயிருக்கான்."

"அப்ப ஒரு பிள்ளைக்கு ஒரு மேசை. அப்படியே உறுதி கொடுங்க. எண் அந்தப் பிள்ளையோட எண்ணாவே இருக்கும், பேரு வேண்டாம்."

"இடம்?"

"மேசைய விட்டு ஒரு பிள்ளையும் நகராது. நான் பொறுப்பு."

தலைமையாசிரியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இவ்வளவு சீக்கிரம் நீங்க எதுக்கும் ஒத்துக்கிட்டதே இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

கம்பெனி இளைஞன் மறுபடியும் வந்தான். சித்தப்பாவின் நினைவு துடைக்கப்பட்டது. "வணக்கம், நான் புதிதாக வந்திருக்கிறேன்" என்று அது சொன்னபோது, "வா சித்தப்பா, நல்லா மறந்துட்டியா?" என்று வகுப்பே கத்தியது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு மேசை பெற்றது; வக்கீலுக்கு எட்டாம் எண்.

அடுத்த வாரத்தின் முதல் நாள் காலையில், கீழ்த்தளத்தில் தலைமையாசிரியர் தேநீரை வாயருகே கொண்டுபோன வேளையில், மேற்கூரை உறுமியது. சுண்ணாம்புத் துணுக்கு ஒன்று கோப்பையில் விழுந்தது. அவர் மாடிப்படிகளைத் தாவித் தாவி ஏறி வந்து பார்த்தார். வகுப்பிலிருந்த அத்தனை மேசைகளும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. இரண்டிரண்டு பேராகத் தூக்கியும் தள்ளியும், "ஒதுங்கு, ஒதுங்கு, கால் மேல போடாதடீ" என்று கூவியும், பிள்ளைகள் வரிசையைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற சித்தப்பா "கவனமாக, கவனமாக" என்று யாரையும் குறிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன டீச்சர் இது, பூகம்பமா?"

"மேசைய விட்டு யாரும் நகரல சார். மேசையே நகருது."

"என்கிட்ட வாக்குக் கொடுத்தீங்களே!"

"கொடுத்த வாக்க எழுத்து பிசகாமக் காப்பாத்திட்டிருக்கேன். நீங்க கேட்டது இயந்திரத்துக்கு வேண்டியது. அது கிடைச்சாச்சு. இது பிள்ளைங்களுக்கு வேண்டியது. யாரோட உரிமையும்..." டீச்சரின் கை மேலெழுந்தது, குரலும் எழுந்தது.

"பேச ஆரம்பிச்சுடாதீங்க!" தலைமையாசிரியர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "காலையில இன்னும் ஒண்ணும் சாப்பிடல நான். என் தலைமேல இந்த இடி மட்டும் விழாமப் பார்த்துக்கங்க. அது போதும்."

மேசைக்கால்களுக்கு ரப்பர் வேண்டும் என்றாயிற்று. கலவை லாரியின் தேய்ந்த டயர் ஒன்று வக்கீலின் அப்பா தோளில் ஏறி மாடிக்கு வந்தது. துண்டுதுண்டாக நறுக்கிக் கால்களில் கட்டினார்கள். அதன் பிறகு ஊர்வலம் ஓசையடங்கி நடந்தது.

வாரங்கள் போயின. வக்கீலின் முறை வந்து அவள் மேசை மூலைக்குப் போனபோது டீச்சர் தள்ளி நின்று கவனித்தார். அதே காற்று வீசியது. அதே நிழல் விழுந்தது. முதல் நாள் அவளும் கொட்டாவி விட்டாள். ஆனால் சித்தப்பாவின் குரல் குழையவில்லை. முன்வரிசையில் கேட்டதையே மூலையிலும் கேட்டது. "எட்டாம் எண்ணே, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். இது கடினம்." அவள் எழுந்து, சுவரில் சாய்ந்து, நின்றுகொண்டே கணக்குப் போட்டாள். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம்.

கூடத்தில் இரண்டாம் முறை அறிவிப்பு நடந்தது. எட்டாம் எண்ணுக்கு மேற்கணிதப் பிரிவு கிடைத்தது. கூடவே, ஊசி என்று கூப்பிடப்படும் ஒரு மெலிந்த பெண்ணுக்கும் கிடைத்தது. டீச்சரே அவளை எதிர்பார்த்திருக்கவில்லை. வகுப்பில் அவள் குரலை அவர் கேட்டதாக நினைவில்லை. அதை அவர் தனக்குள் குறித்துக்கொண்டார். தூங்குமூஞ்சிக்குப் பொதுப்பிரிவு. "மேற்கணிதம்னா காலையில சீக்கிரம் வரணுமாமே. தப்பிச்சேன்டா சாமி" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டான். அவன் அம்மா மட்டும் இரண்டு நாள் தலைமையாசிரியர் அறையில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஒருமுறை கூடத்தில் வாழ்த்துச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வது எந்த ஊர் மரியாதை என்பது அவர் கேள்வி.

புதிய ஆண்டின் முதல் நாள் வக்கீலையும் ஊசியையும் டீச்சரே மேற்கணித வகுப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே கற்பிப்பவர் வேறோர் ஆசிரியர். கறாரானவர் என்று பெயர் எடுத்தவர். அறை பளபளப்பாக இருந்தது. சித்தப்பாவைவிட உயரமான இயந்திரம் ஒன்று நின்றது. மேசைகளின் கால்கள் தரையோடு இரும்புப் பட்டையால் முடுக்கப்பட்டிருந்தன. முன்வரிசை ஏற்கெனவே நிறைந்துவிட்டிருந்தது. ஊசி ஓசையில்லாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வக்கீல் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நடுவழியில் நின்றாள்.

"உட்காரும்மா" என்றார் ஆசிரியர்.

"சார், நாங்க எப்ப நகருவோம்?"

"இங்க யாரும் நகர மாட்டாங்க."

"யார் முடிவு பண்ணினது சார்?"

ஆசிரியர் வாசலில் நின்ற கணக்கு டீச்சரைப் பார்த்தார். இந்த வழக்கை அவளே நடத்திக்கொள்வாள் என்று கணக்கு டீச்சர் கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்திவிட்டுத் தம் வகுப்புக்குப் போனார்.